இங்கிலாந்து கேம்பஸுக்குத் திரும்பும் பிள்ளைகளே, டிக்கெட் போடுமுன் இதைப் படியுங்கள் (2021 ஜனவரி)

2021 ஜனவரி 4ஆம் தேதி இரவு, கொரோனாவுக்காக முழு ஊரடங்கை அறிவித்ததிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: “அண்ணா, நான் திரும்பி வரலாமா?” (இங்கே சொல்வதெல்லாம் 2021 ஜனவரி நிலவரம்; கொரோனா கால விதிகளும் தொகைகளும் பிறகு மாறிவிட்டன. அதுவும் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.)

மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், கால்நடை மருத்துவம், ஆசிரியர் பயிற்சி, சமூகப் பணி படிப்பவர்களுக்கு நேரடி வகுப்பு உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு பிப்ரவரி நடுப்பகுதி வரையாவது ஆன்லைன்தான். உங்கள் படிப்பு எதில் சேரும் என்று டிபார்ட்மென்ட்டிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். போனில் “வரலாம்” என்று சொன்னவர் பிறகு கிடைக்க மாட்டார்.

“ஏப்ரல் 6க்குள் போகாவிட்டால் படிப்புக்குப் பிறகான இரண்டு வருட விசா கிடைக்காது” என்று ஏஜென்ட்கள் இன்னமும் அவசரப்படுத்துகிறார்கள். 2020 இலையுதிர் காலத்தில் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கெடு 2021 ஜூன் 21 வரை தள்ளிப்போயிருக்கிறது. அந்தப் பயத்துக்காக நடுக்குளிரில் விமானம் ஏற வேண்டாம்.

வந்துதான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு முதல் சிக்கல் சென்னையிலேயே காத்திருக்கிறது. ஜனவரி 18 முதல், புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எடுத்த கொரோனா நெகட்டிவ் ரிப்போர்ட் கட்டாயம். ரிப்போர்ட் வந்த தேதியைப் பார்க்க மாட்டார்கள், சாம்பிள் எடுத்த தேதியைத்தான் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை விமானம் என்றால் செவ்வாய்க்கு முன் எடுத்த சாம்பிள் செல்லாது. ரிப்போர்ட் ஆங்கிலம், பிரெஞ்சு அல்லது ஸ்பானிஷ் மொழியில் இருக்க வேண்டும். பிறந்த தேதி அல்லது வயது, லேபின் பெயரும் தொடர்பு விவரமும், எந்த வகை டெஸ்ட் என்பதும் அதில் வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். நம் ஆட்கள் மாட்டுவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், லேபில் இனிஷியல் மட்டும் போட்டுத் தந்துவிடுவார்கள். திருநெல்வேலிப் பெண் ஒருத்தியைக் கவுன்ட்டரில் ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு அவள் அப்பா லேப்காரரைத் தூக்கத்தில் எழுப்பி, திருத்திய பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் போர்டிங் பாஸ் கையில் வந்தது. சாம்பிள் கொடுக்கும்போதே பாஸ்போர்ட்டை நீட்டி, எழுதுவதைக் கண்ணால் பாருங்கள். சரியான ரிப்போர்ட் இல்லாமல் இங்கே வந்து இறங்கினால் 500 பவுண்ட் அபராதம்.

அடுத்தது பத்து நாள் தனிமை. இறங்கிய நாளை முதல் நாளாக எண்ணாதீர்கள், அது கணக்கில் சேராது.

இதில்தான் மிகப் பெரிய குழப்பம். கேம்பஸில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை இலவசமாக லேட்டரல் ஃப்ளோ டெஸ்ட் (சீக்கிரம் முடிவு தெரியும் கொரோனா டெஸ்ட்) எடுக்கிறார்கள். அதில் நெகட்டிவ் வந்தால் வெளிநாட்டுப் பயணத்துக்கான தனிமை முடிந்ததாக ஆகாது. ஐந்து முழு நாள் கழித்து, அரசுப் பட்டியலில் உள்ள தனியார் லேபில் காசு கட்டி எடுக்கும் ‘டெஸ்ட் டு ரிலீஸ்’ மட்டுமே முன்கூட்டியே விடுவிக்கும். அதிலும் ரிசல்ட் கைக்கு வரும்வரை அறையில்தான் இருக்க வேண்டும். இரண்டையும் ‘டெஸ்ட்’ என்றே எல்லா மின்னஞ்சலிலும் எழுதுகிறார்கள். அதைப் படிக்கும் பிள்ளை நான்காம் நாள் பால் வாங்கக் கிளம்பிவிடுகிறது. தனிமையை மீறினால் அபராதம் 1,000 பவுண்டில் தொடங்குகிறது.

தனியார் வீட்டில் தங்குபவர்கள் வருவதற்கு முன்பே மின் மீட்டரைப் பற்றிக் கேளுங்கள். பல வீடுகளில் முன்பணம் கட்டும் மீட்டர். மீட்டரில் செருகும் கீ-யைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பணம் ஏற்ற வேண்டும். தனிமையில் இருப்பவர் எப்படிப் போவார்? மூன்றாம் நாள், பணம் தீர்ந்தபின் மீட்டர் கடனாகத் தரும் எமர்ஜென்சி கிரெடிட்டும் தீர்ந்து, ஹீட்டர் அணைந்து, கோட்டோடு இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பையன் என்னை வீடியோவில் அழைத்தான். வாயைத் திறந்தால் புகை வந்தது. மின் நிறுவனத்துக்குப் போன் செய்து, தனிமையில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். பணம் ஏற்றிய கீ-யைத் தபாலில் அனுப்பவோ, உங்களுக்காக வேறொருவர் பணம் ஏற்றவோ ஏற்பாடு உண்டு. நீங்கள் கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

பகுதி நேர வேலை செய்பவர்களுக்கு ஒன்று. கொரோனா அறிகுறி வந்தோ, டெஸ்ட் அண்ட் ட்ரேஸ் (தொற்றுள்ளவரோடு பழகியவர்களைக் கண்டுபிடிக்கும் அரசுச் சேவை) சொல்லியோ தனிமையில் இருந்தால், வாரத்துக்குச் சராசரியாகக் குறைந்தது 120 பவுண்ட் சம்பாதிக்கும் ஊழியருக்கு, 2021 ஜனவரி நிலவரப்படி வாரம் 95.85 பவுண்ட் சட்டப்படியான நோய்க்காலச் சம்பளம் உண்டு. “உன் விசாவில் ‘நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரசு உதவித்தொகை கிடையாது) என்று இருக்கிறதே” என்று முதலாளி மறுப்பார். அது தவறு. இந்தச் சம்பளம் ‘பப்ளிக் ஃபண்ட்ஸ்’ கணக்கில் வராது, முதலாளி தர வேண்டிய பணம். ஆனால் ஊரிலிருந்து வந்ததற்காக மட்டும் இருக்கும் பத்து நாளுக்கு இது கிடையாது. அந்த நாட்களுக்கு வேண்டிய காசைக் கையில் கொண்டு வாருங்கள்.

கடைசியாக, ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவு. உடம்பு சரியில்லாத அன்று இதற்கு அலைய முடியாது, வந்த வாரமே முடியுங்கள். விசாவோடு, 2021 ஜனவரி நிலவரப்படி வருடத்துக்கு 470 பவுண்ட் மருத்துவக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அப்படியும் ரிசப்ஷனில் விலாசச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். போன வாரம் ஒரு மாணவி மூன்று முறை போய்விட்டு வந்தாள். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டார்களாம். பேங்க்கில் கணக்குத் தொடங்கப் போனால் அங்கேயும் விலாசச் சான்று. பதிவுக்கு விலாசச் சான்றோ அடையாள அட்டையோ விசாவோ கட்டாயம் இல்லை என்பதுதான் என்.எச்.எஸ் (அரசு மருத்துவச் சேவை) விதி. மறுத்தால், காரணத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. “எழுத்தில் கொடுங்கள்” என்று பணிவாகக் கேளுங்கள். அந்த மாணவி நான்காம் முறை அப்படிக் கேட்டபோது, படிவத்தை எடுத்துக் கொடுத்தார்கள். பதிவு முடிவதற்குள் காய்ச்சல் வந்தால் என்.எச்.எஸ் ஆலோசனை எண் 111க்கு அழையுங்கள். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் அவசர உதவி எண் 999. கொரோனா சிகிச்சைக்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை.