குடைக்கோரைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

வாடிப்போன நிலையில் என்னிடம் வரும் செடிகளில் குடைக்கோரையைப் பார்க்கும்போதுதான் மனம் அதிகம் வலிக்கிறது. அதை வளர்த்தவர் அக்கறை இல்லாதவர் அல்லர். இலை நுனி பழுப்பானதும் வேர் அழுகுகிறது என்று பயந்து, இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருப்பார். மற்றச் செடிகளைக் காப்பாற்றும் அந்த வைத்தியம்தான் இதைக் கொல்கிறது.

குட்டிப் பனை என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள். இது பனையே அல்ல, வயலில் களையாக முளைக்கும் கோரையின் நெருங்கிய உறவு. குடைக்கு, அதாவது தண்டின் உச்சியில் விரியும் இலைக்கொத்துக்கு, சற்றுக் கீழே தண்டை விரல்களுக்கிடையே உருட்டுங்கள், மழுங்கிய மூன்று விளிம்புகள் தட்டுப்படும். அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சு போன்ற வெண்மையான திசு. அதன் காற்றறைகள் வழியாகத்தான் பிராணவாயு வேர் வரை இறங்குகிறது. சேற்றில் நின்றாலும் இதன் வேர் மூச்சுத் திணறாது.

ஆகவே தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிற்க வையுங்கள். தட்டு ஒருநாளும் வறள வேண்டாம். வாரம் ஒருமுறை பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், இல்லையென்றால் கொசுப் புழுவையும் சேர்த்து வளர்ப்பீர்கள். நுனி கருகுவதற்கு வறண்ட காற்றோ தண்ணீரில் உள்ள உப்போ காரணமாக இருக்கலாம். மழைநீர் கிடைத்தால் நல்லது. முழுதும் பழுத்த தண்டு வயதானது, அடியோடு வெட்டிவிடுங்கள். புதியது பக்கத்திலேயே எழும்பும்.

புதுச் செடி வேண்டுமா? ஒரு குடையை இரண்டு அங்குலத் தண்டோடு நறுக்கி, இலைகளைப் பாதியாக வெட்டி, தலைகீழாகத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் நடுவிலிருந்து வெண்வேரும் பச்சைக் குருத்தும் கிளம்பும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி அது.

ஆனால் இதே எளிமைதான் ஆபத்தும். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி, ஆஸ்திரேலியாவில் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடைக்கரைகளில் களையாகப் பரவியிருக்கிறது. தொட்டி நிறைந்து பிரித்தெடுத்த வேர்க்கட்டையைக் குளத்திலோ வாய்க்காலிலோ தயவுசெய்து வீசாதீர்கள். நான் அதைத் துண்டாக்கி, வெயிலில் சருகாகும் வரை காயவைத்த பிறகே குப்பையில் சேர்க்கிறேன்.