பகல் இரண்டு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்?

தண்டையார்பேட்டையில் கால்நடை மருத்துவம் பார்க்கும் நான், நாய் வளர்க்க வேண்டும் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் எந்த இனம் பிடிக்கும் என்று முதலில் கேட்பதில்லை. பகல் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்றுதான் கேட்கிறேன். பலர் சிரித்துவிடுகிறார்கள்.

ஒரு மே மாதப் பிற்பகலில் ஆட்டோவில் கொண்டுவரப்பட்ட பக் நாய்க்கு நாக்கு நாவற்பழ நிறத்துக்கு மாறியிருந்தது. நாய்க்கு இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட், அதற்கோ 107. கணவனும் மனைவியும் வேலைக்குப் போயிருக்க, மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் கரண்ட் போய் மின்விசிறி நின்றிருக்கிறது. நாய் நம்மைப் போல உடல் முழுதும் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்வதில்லை, மூச்சிரைத்தே தணித்துக்கொள்கிறது. கடற்காற்றின் ஈரம் கனக்கும் நம் பகுதியில் அதுவே பாதிப் பலன்தான் தரும் என்னும்போது, சப்பை மூக்கும் குறுகிய சுவாசப்பாதையும் கொண்ட பக் நாய்க்கு அந்த வழியும் ஏறக்குறைய அடைபட்டதுதான். உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறி வைத்து, குளுக்கோஸ் ஏற்றியதில் பிழைத்துக்கொண்டது. அந்தத் தம்பதியர் அன்பில் குறைவைத்தவர்கள் அல்லர். நாய்க்குப் பொருந்தாத வீடு அது, அவ்வளவுதான்.

ஹஸ்கியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பனிநாட்டில் வண்டி இழுக்கப் பிறந்ததை இங்கே ஏசி அறைக்குள் அடைத்து வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

லாப்ரடார் நல்ல குணமுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் வளர்ந்தபின் 30 கிலோ எடையுள்ள அந்த நாயை லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து காலையிலும் மாலையிலும் இறக்கி நடத்திச் செல்பவர் யார் என்பதைக் குட்டி வாங்குமுன் வீட்டார் முடிவு செய்தாக வேண்டும். நடையில்லாத லாப்ரடார் கொழுத்து, இடுப்பு மூட்டு தேய்ந்து என்னிடம் வந்து சேர்கிறது. நம் மண்ணின் நாய் என்ற பெருமிதத்தில் சிப்பிப்பாறையையோ ராஜபாளையத்தையோ வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெயில் அவற்றுக்குப் பழகியதுதான், ஆனால் முயலையும் காட்டுப்பன்றியையும் துரத்தி ஓடிய வேட்டை நாய்களுக்கு இரண்டு ஸ்கூட்டர் நிறுத்தினால் அடைபட்டுவிடும் நம் சந்து போதாது.

குட்டியை வாங்கும்போது வயதில் ஏமாறுகிறவர்களே அதிகம். இரண்டு மாதம் என்று சொல்லி விற்கப்பட்ட குட்டியின் வாயைத் திறந்து பார்த்தால், முன்பற்கள் அரிசி முனை அளவில் அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் வயது ஐந்து வாரத்தைத் தாண்டியிருக்காது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதி. தாய்ப்பாலை விட்டு முன்கூட்டியே பிரிக்கப்பட்டு, சந்தையில் பல குட்டிகளோடு ஒரே கூண்டில் கிடந்த குட்டி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து வெள்ளிக்கிழமை இரத்தக் கழிச்சலோடு என் மேசையில் கிடந்தால் குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஆகவே குட்டி பிறந்த இடத்துக்கே போய்த் தாயைப் பாருங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டும் மருத்துவரின் கையொப்பமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; வெறும் தேதி மட்டும் எழுதிய அட்டைக்கு மதிப்பில்லை. எங்கிருந்து வாங்கினாலும் மாநகராட்சி உரிமம் கட்டாயம். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

என்னைக் கேட்டால், முதன்முதலாக வளர்ப்பவருக்குக் கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த நாட்டு நாயே ஏற்றது என்பேன். குட்டியின் குணத்தை ஊகிக்கத்தான் முடியும். வளர்ந்த நாயின் குணம் கண்முன்னே தெரிகிறது. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் என் வழக்கமான கேள்விக்கு, “ரெண்டு மணிக்கு நான் வூட்லதான் சார் இருப்பேன், விடியக்காலம் போனா பத்து மணிக்கெல்லாம் கடை முடிஞ்சிடும்” என்றார். தெருவில் அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்த செவலைப் பெட்டை நாயைத்தான் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். ஆண்டுதோறும் ஊசிக்கு வரும்போது, சங்கிலி அவர் தோளில் தொங்க, அது முன்னால் படியேறி வந்து என் மேசைக்கடியில் படுத்துக்கொள்கிறது.