புரதம் குறிக்காத ஆர்.என்.ஏ: சொல் விளக்கம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு ஒரு விநோதமான தொந்தரவு. காலையில் கண் நன்றாக இருக்கும்; பொழுது சாய்ந்தால் இடது இமை தானாகத் தொங்கிவிடும். புதுச்சேரிக்குப் போய் ஸ்கேன் எடுத்ததில் நெஞ்சில் ஒரு கட்டி தெரிந்து, அறுவை சிகிச்சையும் முடிந்தது. பயாப்சி அறிக்கையில் 'தைமோமா, டைப் ஏபி' என்று இருந்தது. "என் ரத்தம் ஓ பாசிட்டிவ்தானேப்பா, ஏபின்னு ஏன் போட்டிருக்காங்க?" என்றார். அப்புறம், தைமோமா பற்றிப் பேரன் செல்போனில் தேடித் தந்த ஒரு சொல்லைக் காட்டினார்: குறியீடற்ற ஆர்.என்.ஏ. "குறியீடே இல்லேன்னா அது எதுக்கு உடம்புல?"

முதல் கேள்விக்கு விடை சுலபம். தைமஸ் கட்டியின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்து ஏ, ஏபி, பி1, பி2, பி3 என்று உலக சுகாதார நிறுவனம் வகை பிரித்திருக்கிறது. ரத்த குரூப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தைமஸ் என்பது மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் சுரப்பி. பருவ வயது வரை வளர்ந்து, பிறகு சுருங்கிக் கொழுப்பாகிவிடும். நோய் எதிர்ப்புக்கான டி செல்கள் பக்குவப்படுவது இங்கேதான். அந்த 'டி' தைமஸின் முதலெழுத்து. பெயர் கிரேக்கம். தைம் என்ற மணப்பூண்டின் இலையைப் போன்ற வடிவம் என்று ஒரு கதை, உயிர், துணிவு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்று இன்னொன்று. தைமுக்கு மணம் தரும் தைமால்தான் நம் ஓமத்திலும் இருக்கிறது. வேரைப் பிடித்துத் தமிழாக்கினால் 'ஓமச்சுரப்பி' என்றாகி, மருந்துக்கடையில் ஓமத்திரவம் கேட்கவேண்டி வரும். பாடநூலில் உள்ளபடி தைமஸ் என்றே விட்டுவிடலாம். 'ஓமா' கட்டியைக் குறிக்கும் விகுதி, ஆகவே தைமோமா தைமஸ் கட்டி. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வருவது. வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது, பெரியப்பாவைப் போல, தசை சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா கிராவிஸும் சேர்ந்திருக்கும்.

சரி, ஆர்.என்.ஏ. விரித்தால் ரைபோ நியூக்ளிக் அமிலம்; செல்லுக்குள் டி.என்.ஏ-விலிருந்து படியெடுக்கப்படுவது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புதுச்சேரிக்காரரிடம் கேட்டால் 'ஆ எர் என்' என்பார். அவர்கள் மொழியில் அமிலம் முன்னால் வந்துவிடும். 'ரைபோ' வந்த வழி வேடிக்கையானது. அராபினோஸ் என்ற சர்க்கரையின் பெயரெழுத்துகளைக் கலைத்துப் போட்டு, ஆர்.என்.ஏ-வில் உள்ள சர்க்கரைக்கு 1891இல் 'ரைபோஸ்' என்று வைத்தார்கள். அராபினோஸ் என்ற பெயரோ அரபிக் கோந்திலிருந்து வந்தது, அதாவது நம் கருவேலம் பிசினின் பங்காளி.

தைமஸுக்கும் இந்த அமிலங்களுக்கும் பழைய உறவு உண்டு. கன்றுக்குட்டியின் தைமஸிலிருந்து 1893இல் ஆல்பிரெக்ட் கோசலும் ஆல்பர்ட் நியூமனும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு தைமின் என்று பெயர் வைத்தார்கள். டி.என்.ஏ-வின் நான்கு எழுத்துகளில் ஒன்று அது. ஆர்.என்.ஏ-வில் அதன் இடத்தில் யுராசில் இருக்கும். தைமஸின் பெயரைத் தாங்கியது டி.என்.ஏ, அந்தத் தைமஸின் கட்டியைப் பற்றிப் பேச இப்போது தைமின் இல்லாத ஆர்.என்.ஏ வந்து நிற்கிறது.

இனி சிக்கலான சொல், ஆங்கிலத்தில் நான்-கோடிங் ஆர்.என்.ஏ. மனித டி.என்.ஏ-வில் புரதத்துக்கான செய்தி இருப்பது ஏறத்தாழ 2 விழுக்காட்டில்தான். மீதியில் பெரும்பகுதியைக் குப்பை என்று ஒரு காலத்தில் ஒதுக்கினார்கள். அங்கிருந்தும் ஆர்.என்.ஏ படியெடுக்கப்படுகிறது, ஆனால் அந்தப் படியை வைத்துப் புரதம் செய்யப்படுவதில்லை. அதிலும் எழுத்து வரிசை உண்டு, ஆகவே 'குறியீடற்ற' என்பது தவறு. பெரியப்பா குழம்பியதில் வியப்பில்லை. எதிர்மறைப் பெயர் தமிழுக்குப் புதிதல்ல. இதே தைமஸைப் பாடநூலில் நாளமில்லாச் சுரப்பிகளோடு சேர்த்துத்தான் படித்தோம். அந்தப் பெயர் நிலைத்ததற்குக் காரணம், இல்லாதது எது என்பதை அது சரியாகச் சொல்வதுதான். அதே வழியில் 'புரதம் குறிக்காத ஆர்.என்.ஏ' என்பேன். செய்யுள் வாடை பிடித்தவர்கள் ஈறு கெடுத்துக் 'குறிக்கா' என்றும் எழுதலாம்.

இவற்றில் மிகக் குட்டையான ஒரு வகை, சுமார் 22 எழுத்து நீளமுள்ளது, நுண் ஆர்.என்.ஏ. புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ-வின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதை அடக்கிவிடும். முதலாவது 1993இல் ஒரு புழுவில் தெரியவந்தது. அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

19ஆம் குரோமோசோமில் இத்தகைய நுண் ஆர்.என்.ஏ மரபணுக்கள் ஒரு கூட்டமாக இருக்கின்றன. வழக்கமாக அவை வேலை செய்வது நஞ்சுக்கொடியில். மற்ற திசுக்களில் பெரும்பாலும் உறங்கிக்கிடக்கும். ஏ, ஏபி வகைத் தைமஸ் கட்டிகளில் அந்தக் கூட்டம் முழுவதும் விழித்துக்கொள்கிறது, செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு பாதையையும் முடுக்கிவிடுகிறது. மற்ற வகைகளில் அது ஏறக்குறைய இல்லை. நுண்ணோக்கியில் கண்ணால் பிரித்த வகைகளை ஆர்.என்.ஏ-வும் அதே கோட்டில் பிரித்துக் காட்டுகிறது.

இதைச் சொன்னதும் பெரியப்பா அறிக்கையை மறுபடி பார்த்தார். "நஞ்சுக்கொடியில இருக்கவேண்டியது எழுபது வயசு ஆம்பளை நெஞ்சுல எப்படிப்பா முழிச்சுக்கிச்சு?" என்றார். பேரன் காட்டிய சொல்லை அடித்துவிட்டு, அறிக்கையின் பின்பக்கம் 'புரதம் குறிக்காதது' என்று எழுதிக்கொடுத்தேன்.