ஃபான்ட் இருக்கிறது, சர்வருக்குத் தெரியவில்லை

‘எங்கள் நிறுவனத்துக்கென்றே செய்த ஃபான்ட்டை சர்வரில் போட்டாயிற்று. நான் திறந்து பார்த்தால் சரியாகத் தெரிகிறது. சர்வர் தானாக அச்சிடும் பில்லில் மட்டும் வேறு எழுத்து வருகிறது. ஏன்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

யாருடைய கணக்கில் போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, சாதாரணமாக ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் ஃபான்ட் உங்கள் கணக்கில் மட்டுமே சேரும். அச்சு மென்பொருளோ சர்வீஸாக (யாரும் திறக்காமல் பின்னணியில் தானே ஓடும் நிரலாக), பெரும்பாலும் வேறொரு கணக்கில் ஓடுகிறது. ரைட் கிளிக் செய்து எல்லாப் பயனர்களுக்கும் நிறுவுங்கள். அப்புறம் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எதற்கெடுத்தாலும் ரீஸ்டார்ட் செய்வது முக்கால்வாசி மூடநம்பிக்கைதான். ஆனால் பல மென்பொருள்கள் ஃபான்ட் பட்டியலைத் தொடங்கும்போது ஒரே ஒருமுறைதான் படிக்கின்றன என்பதால் இங்கே அதற்குக் காரணம் உண்டு.

அப்படியும் வரவில்லையா? இனிமேல்தான் சுவாரசியம். ஃபான்ட்டைத் தேடும்போது கோப்பின் பெயருக்குப் பெரும்பாலும் மதிப்பே இல்லை. கோப்புக்குள் ‘நேம்’ என்றொரு அட்டவணை இருக்கிறது. அதில் இருப்பதுதான் செல்லும். அங்கே ஒரே ஃபான்ட்டுக்குப் பல பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 1 குடும்பப் பெயர், 2 பாணி, 4 முழுப் பெயர், 6 போஸ்ட்ஸ்கிரிப்ட் (அச்சுக்கான ஒரு கணினி மொழி) பெயர்.

பழைய விண்டோஸ் வழக்கப்படி, 1-ஆம் எண்ணில் வரும் குடும்பத்தில் நாலு பேருக்குத்தான் இடம்: ரெகுலர், போல்ட், இட்டாலிக், போல்ட் இட்டாலிக். லைட், மீடியம் என்று கூடுதலாகப் பிறந்தவை தனிக்குடித்தனம் போய்விடும். பாணியின் பெயரையும் சேர்த்து அதையே குடும்பப் பெயராக 1-இல் எழுதிக்கொள்ளும். உண்மையான குடும்பப் பெயர் 16-இல், பாணி 17-இல் இருக்கும். பில்லை வடிவமைத்தவரின் மென்பொருள் 16-ஐப் படித்து டெம்ப்ளேட்டில் (பில்லின் மாதிரிப் படிவத்தில்) எழுதி வைக்கிறது. சர்வர் 1-ஐ மட்டும் பார்க்கிறது. அந்தப் பெயரில் யாரும் இல்லை. உடனே, ஒரு வார்த்தை சொல்லாமல், வேறு ஃபான்ட்டைப் போட்டு அச்சிட்டுவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்த மௌனம்தான் பெரிய தப்பு. அச்சை நிறுத்திவிட்டுக் கத்தியிருக்க வேண்டும்.

சர்வர் லினக்ஸ் என்றால், அச்சு மென்பொருள் ஓடும் கணக்கிலேயே ‘எஃப்சி-மேட்ச்’ (fc-match) கட்டளைக்கு ஃபான்ட்டின் பெயரைக் கொடுங்கள். உண்மையில் எந்த ஃபான்ட் போகும் என்று சொல்லிவிடும். பிடிஎஃப் என்றால் ஆவணப் பண்புகளில் ஃபான்ட் பட்டியலைப் பாருங்கள்.

பெயரெல்லாம் பொருந்தியும் பிடிஎஃப்பில் ஃபான்ட் ஏறவில்லையென்றால், ஃபான்ட் கோப்பிலேயே ‘எஃப்எஸ்டைப்’ (fsType) என்ற அனுமதிக் குறி உண்டு, அதைப் பாருங்கள். அதன் மதிப்பு 2 என்றிருந்தால் உரிமையாளரின் அனுமதியின்றி ஃபான்ட்டை ஆவணத்துக்குள் பதிக்கக் கூடாது என்று பொருள். பல மென்பொருள்கள் மறுத்துவிடும். உங்களுக்கென்றே செய்த ஃபான்ட்தானே, செய்தவரிடம் சொல்லி அதை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.