லூசிட் ட்ரீம்: 'தெளிவான கனவு' அல்ல, தெளிகனவு

ஓடுதளத்தில் ஓடி மேலே எழும்ப வேண்டிய விமானம், இருபுறமும் வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. இறக்கை நுனி சுவரில் உரசிவிடுமோ என்று விமானி கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்க்கிறார். ஒருவழியாக மேலே எழும்பினாலும் மின்கம்பிகளுக்கு அடியிலேயே பறந்தாக வேண்டியிருக்கிறது. விசையை எவ்வளவு கூட்டினாலும் விமானம் அதற்குமேல் ஏற மறுக்கிறது. விமானிகள் பலர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கனவு இது. பணியில் இருக்கும்போது வந்துகொண்டிருந்த இந்தக் கனவு ஓய்வுபெற்ற பிறகும் சிலரை விடுவதில்லை. விமானத்தையே தொட்டறியாதவர்கள் கனவில் வெறும் உடம்போடு மிதந்து மகிழும்போது, பறப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் கனவில் தரையோடு மல்லுக்கட்டுவது வேடிக்கைதான்.

இப்படிப்பட்ட கனவின் நடுவே, "தெருவில் விமானம் எப்படி ஓடும்? நான் கனவு கண்டுகொண்டிருக்கிறேன்" என்று ஒருவருக்குத் தோன்றி, அப்படித் தோன்றிய பிறகும் உறக்கம் கலையாமல் கனவு தொடருமானால், அந்தக் கனவை ஆங்கிலத்தில் லூசிட் ட்ரீம் என்பார்கள். இதைத் தமிழில் 'தெளிவான கனவு' என்று எழுதுவதைக் காண்கிறோம். அந்தப் பெயர்ப்பு பொருளைத் திசைதிருப்புகிறது என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைச் சொல்லின் வரலாற்றிலிருந்தே காட்டலாம்.

லூசிட் என்பதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. லக்ஸ் என்றால் ஒளி. லூசிடஸ் என்றால் ஒளி பொருந்தியது. இதிலிருந்து ஆங்கிலத்தில் 'ஒளிர்வது', 'எளிதில் விளங்குவது' ஆகிய பொருள்கள் கிளைத்தன. குழப்பமில்லாத உரைநடையை லூசிட் என்று பாராட்டுவது இந்த வழியில் வந்ததே. ஆனால் மருத்துவத்திலும் சட்டத்திலும் இச்சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. சித்தம் கலங்கிய ஒருவர் இடையில் சிறிது காலம் சுயநினைவோடும் பகுத்தறியும் திறனோடும் இருந்தால், அந்த இடைவேளையை லூசிட் இன்டர்வல் என்றார்கள். அவர் எழுதிய உயில் செல்லுமா செல்லாதா என்ற வழக்குகளில் அந்த இடைவேளை முக்கியமான கேள்வியாக இருந்தது. இங்கே லூசிட் என்பது கண்ணுக்குத் தெரியும் காட்சியின் துலக்கத்தைச் சொல்லவில்லை, காண்பவரின் அறிவு தன்னிலைக்கு வந்திருப்பதைச் சொல்கிறது.

கனவோடு இச்சொல்லைப் பிரெஞ்சு மொழியில் முதலில் சேர்த்து எழுதியவர்களுள் ஒருவர் ஹெர்வே த சாந்தெனி. கனவுகளையும் அவற்றை வழிநடத்தும் முறைகளையும் பற்றிய அவருடைய நூல் 1867இல் வெளிவந்தது. ஆனால் ஆங்கிலத்தில் இதைக் கலைச்சொல்லாக நிலைநிறுத்தியவர், நெதர்லாந்தைச் சேர்ந்த எழுத்தாளரும் மனநல மருத்துவருமான ஃபிரெடரிக் வான் ஏடன். 1913இல் வெளியான கட்டுரையில், தாம் 1898 முதல் 1912 வரை குறித்துவைத்திருந்த 352 கனவுகளை அவர் இந்த வகையில் சேர்த்தார். உறங்குபவருக்குத் தம் பகல்நேர வாழ்க்கையும் தாம் இருக்கும் நிலையும் நினைவில் இருக்கும், விரும்பியதைச் செய்து பார்க்கவும் முடியும், ஆனால் உறக்கம் ஆழ்ந்ததாகவே இருக்கும் என்பது அவர் தந்த விளக்கம். மனநல மருத்துவர் ஒருவர் லூசிட் என்ற சொல்லை எந்தப் பொருளில் எடுத்திருப்பார் என்பது இதிலிருந்தே புலப்படும். நம் விமானிகளுக்குச் சுவையான செய்தி ஒன்றும் அக்கட்டுரையில் உண்டு: இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து கனவில் பறந்தால், இத்தகைய கனவு நெருங்கிவிட்டது என்று தமக்குத் தெரிந்துவிடும் என்கிறார் அவர்.

இது உறக்கமே அல்ல, அரைவிழிப்பில் தோன்றும் கற்பனை என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. அதைத் தீர்த்தது கண்தான். கனவு செறிந்திருக்கும் உறக்கக் கட்டத்தில் உடலின் தசைகள் பெரும்பாலும் செயலிழந்து கிடந்தாலும் கண்தசைகள் இயங்குகின்றன. எனவே 'கனவு என்று தெரிந்ததும் கண்களை இடமும் வலமுமாக இத்தனை முறை அசையுங்கள்' என்று முன்கூட்டியே பேசிவைத்து, அந்த அசைவை உறக்கப் பதிவுக் கருவியில் பிடித்தார்கள். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைச் செய்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் லபெர்ஜ் தனியாக இதே முடிவை எட்டினார்.

இனித் தமிழுக்கு வருவோம். 'தெளிவான கனவு' என்றதும் நம் மனத்தில் வருவது, காலையில் எழுந்த பிறகும் முகமும் நிறமும் பேச்சும் அப்படியே நினைவில் நிற்கும் கனவு. அதற்கு ஆங்கிலத்தில் விவிட் என்ற வேறு அடைமொழி இருக்கிறது. தெருவில் விமானம் ஓட்டிய விமானியின் கனவு, ஒவ்வொரு செங்கல்லும் தெரியும் அளவுக்குத் துலக்கமாக இருந்திருக்கலாம். ஆனாலும் விழிக்கும் வரை அதை அவர் நிஜம் என்றே நம்பியிருந்தால் அது லூசிட் ஆகாது. மாறாக, மங்கிய கனவிலும் 'இது கனவு' என்ற அறிவு பிறந்துவிட்டால் அது லூசிட்தான்.

'விழிப்புக் கனவு' என்பது பகற்கனவோடு குழம்பும். 'நனவுக் கனவு' என்று சொல்லிப் பார்க்கலாம். நனவிலி, நனவோடை ஆகிய சொற்களில் நனவு என்பது உணர்வுநிலையைக் குறித்துப் பழகியும்விட்டது. ஆனால் திருக்குறளின் 122ஆம் அதிகாரத்தில் பல குறள்களில் கனவும் நனவும் எதிரெதிராகவே நிற்கின்றன. அந்த எதிர்மை இன்னும் நம் காதில் இருப்பதால் இரண்டையும் ஒட்டினால் முரணாக ஒலிக்கிறது. 'கட்டுப்படுத்தும் கனவு' என்பதோ அடிப்படையிலேயே தவறு. கனவு என்று அறிந்த பிறகும் அந்த விமானம் மின்கம்பிக்கு மேலே ஏற மறுக்கலாம். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று வரும். ஓட்டுபவர் செலுத்தாமல் தானே செல்லும் ஊர்தி. அத்தகைய ஊர்தியில் அமர்ந்திருப்பதை அறிவது ஒன்று, அதை ஓட்டுவது வேறொன்று. லூசிட் என்பதற்கு முதலாவதே போதும்.

நான் பரிந்துரைக்கும் சொல் தெளிகனவு. தெளி என்ற வினைக்குத் துலங்குதல் என்ற பொருளோடு, ஐயம் நீங்கி அறிதல் என்ற பொருளும் உண்டு. 'தெரிந்து தெளிதல்' என்ற குறள் அதிகாரத்தில் இருப்பது அதுதான். மயக்கம் தெளிந்தது, போதை தெளிந்தது, புத்தி தெளிந்தது என்று அன்றாடம் சொல்கிறோமே, லூசிட் இன்டர்வல் என்பதில் உள்ள பொருளும் ஏறக்குறைய இதுவே. வினைத்தொகையாக வரும்போது அந்த வினையைச் செய்பவர் யார் என்பதும் சரியாக அமைந்துவிடுகிறது. குடிநீர் என்றால் நீர் குடிப்பதில்லை. அதை நாம் குடிக்கிறோம். சுடுகாட்டில் சுடப்படுவது காடு அல்ல. அப்படியே தெளிகனவில் தெளிவது கனவு அல்ல, காண்பவர். 'கனவில் தெளிந்தேன்' என்று வினையாகவும் வசதியாக வருகிறது.

உடன்வரும் சொற்களில், திரும்பத் திரும்ப வருவதற்கு மீள்கனவு என்பது போதும். தொடர்கனவு என்றால் விட்ட இடத்திலிருந்து கதை தொடர்வதாகப் பொருள்படும். தெளிகனவுக்குப் பழகுபவர்கள் 'இப்போது காண்பது கனவா' என்று அடிக்கடி சோதித்துக்கொள்வதை நனவுச் சோதனை எனலாம். எழுத்தையோ எண்ணையோ ஒருமுறை படித்து, பார்வையை விலக்கி, மறுபடியும் படிப்பது அவற்றுள் பெயர்பெற்றது. கனவில் அது பெரும்பாலும் மாறிவிடும். மேகத்துக்குள் பறக்கும்போது உள்காது சொல்வதை நம்பாதே, கருவியை நம்பு என்று பழக்கப்பட்ட விமானிக்கு இது தலைகீழ்ப் பாடம். உயரமானி 2000 அடி என்று காட்டுகிறது. அவர் வெளியே பார்க்கிறார், மின்கம்பி தலைக்குமேல் ஓடுகிறது. திரும்பினால் அதே முள் 70இல் நிற்கிறது. கருவி பழுது என்று எண்ணினால் அவர் கனவில் பறந்துகொண்டே இருப்பார். கருவியே இல்லை என்று எண்ணினால் தெளிந்துவிடுவார்.