கரையேற்றிய படகின் பற்றரிக்கு என்ன நேர்கிறது?

தென்மேல் பருவக்காற்று மே மாதத்தில் வலுக்கத் தொடங்கும்போது, கொழும்பின் வடக்கே முகத்துவாரத்திலும் காக்கைதீவிலும் சிறிய கண்ணாடியிழைப் படகுகளில் பல கரைக்கு இழுத்து ஏற்றப்படுகின்றன. கடல் தணியும் செப்டெம்பர் இறுதியில் அவற்றை மீண்டும் இறக்கும்போது, விளக்கு மங்கலாக எரிகிறது, ஜீ.பீ.எஸ். கருவி தொடங்கி உடனே அணைகிறது, ஆளியைத் திருப்பி இயக்கும் எஞ்சினாக இருந்தால் ஒரு "டிக்" என்ற ஓசையோடு எல்லாம் நின்றுவிடுகிறது. மட்டக்குளியில் என் மாமா ஒருவர் மூன்று பருவங்களில் இரண்டு பற்றரிகளை இப்படி இழந்தார். நான்கு மாதம் ஒரு வேலையும் செய்யாமல் கிடந்த பொருள் எப்படித் தேய்ந்துபோகும் என்று அவர் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

படகு எஞ்சின்களோடு வரும் கையேடுகளில் குளிர்காலச் சேமிப்பு பற்றி ஒரு பகுதி இருக்கும். அது ஏரிகளும் துறைகளும் உறைந்துபோகும் நாடுகளுக்கானது என்று எண்ணி நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் படகு மாதக்கணக்கில் கரையில் கிடப்பது இங்கும் நடக்கிறது. பற்றரியை வருத்தும் காரணி மட்டுமே வேறு. முழுமையாக மின்னேறிய பற்றரியிலுள்ள அமிலக் கரைசல் மறை 50 பாகை செல்சியசுக்கும் கீழே போனால்தான் உறையும். மின் தீர்ந்த பற்றரியின் கரைசலோ பெரும்பாலும் நீராகிவிடுவதால், மறை 7 அல்லது 8 பாகையிலேயே உறைந்து, கூட்டைப் பிளந்துவிடக்கூடும். அந்நாடுகளின் பெரிய அச்சம் இதுதான். எனினும் முழுமையாக மின்னேற்றி வைத்த பற்றரிக்குக் குளிர் ஒரு நன்மையும் செய்கிறது: அதனுள் நடக்கும் தேவையற்ற தாக்கங்களை மெதுவாக்குகிறது. நம் வெப்பம் அவற்றை விரைவுபடுத்துகிறது. ஆகவே "நன்றாக மின்னேற்றி, கழற்றி, குளிர்காலம் முடியும்வரை விட்டுவிடுங்கள்" என்ற அறிவுரை அங்கே போதுமானதாக இருந்தாலும், கொழும்பில் போதாது.

ஏன் என்று அறிய, பற்றரியின் உள்ளே பார்க்க வேண்டும். 1859இல் பிரான்சு நாட்டவரான கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய அமிலக் கலத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை. நேர்த்தகட்டில் ஈயவீரொட்சைட்டு, மறைத்தகட்டில் பஞ்சு போன்ற நுண்துளை ஈயம், இரண்டுக்கும் இடையில் ஐதான சல்பூரிக்கமிலம். மின்னைத் தரும்போது இரு தகடுகளின் மேற்பரப்பிலும் ஈயசல்பேற்று படிகிறது. அமிலம் குறைந்து நீர் கூடுகிறது. மின்னேற்றும்போது அந்தச் சல்பேற்று கரைந்து, தகடுகள் பழைய நிலைக்குத் திரும்ப, அமிலம் மீண்டும் அடர்த்தியாகிறது. ஒரு கலம் ஏறத்தாழ 2.1 வோல்ற் தரும். இத்தகைய ஆறு கலங்கள் தொடராக இணைந்ததையே நாம் 12 வோல்ற் பற்றரி என்கிறோம்.

கம்பி எதுவும் இணைக்கப்படாமலும் இத்தாக்கம் சிறிது சிறிதாக நடந்துகொண்டே இருக்கும். மறைத்தகட்டின் ஈயம் அமிலத்தோடு தாக்கமுற்று, ஐதரசனை வெளிவிட்டு, சல்பேற்றாக மாறுகிறது. தூய ஈயத்தில் இது மிக மெதுவானது. ஆனால் பழைய வகைப் பற்றரிகளில் நேர்த்தகட்டின் சட்டத்தைக் கடினப்படுத்தச் சேர்க்கும் அந்திமனி, காலப்போக்கில் கரைந்து மறைத்தகட்டில் படிந்து, ஐதரசன் எளிதில் வெளியேற வழிசெய்கிறது. குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள இரும்பும் அதேபோன்ற கேட்டைச் செய்யும். அந்திமனிக்குப் பதிலாகக் கல்சியம் சேர்த்த புதிய வகைகளில் இவ்விழப்பு வெகுவாகக் குறைவு. எந்த வகையாயினும், வெப்பநிலை 10 பாகை ஏறும்போதெல்லாம் இந்தத் தன்மின்னிறக்கம், அதாவது தானே மின்னை இழப்பது, ஏறத்தாழ இருமடங்காகிறது. 5 பாகைக் குளிரில் கிடக்கும் பற்றரியோடு ஒப்பிட்டால், 28 பாகையில் கிடக்கும் அதே பற்றரி ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகத்தில் தன்னைத்தானே இழக்கிறது. தார்ப்பாயால் மூடிய படகின் பெட்டிக்குள் நண்பகலில் வெப்பம் இதைவிடவும் கூடும்.

இதற்கு மேல் படகுக்கே உரிய இரண்டு கசிவுகள் உண்டு. ஒன்று உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு பற்றரியின் மேல்மூடியில் படிந்து, மழைக்கால ஈரத்தை உறிஞ்சி, இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய கடத்தும் படலமாகிறது. வோல்ற்றளவைக் காட்டும் பல்மானியின் ஒரு முள்ளை முனையிலும் மற்றதை வெறும் மூடியின் மேலும் வைத்துப் பார்த்தால், சில வேளைகளில் ஒரு வோல்ற்றுக்கு மேலும் காட்டும். அந்த அழுக்கின் வழியே மின் ஓடுகிறது என்பதற்கு அதுவே சான்று. மற்றையது, அணைத்துவிட்டோம் என்று நாம் நம்பும் கருவிகள். வானொலியின் நினைவகமும் கருவிகளின் காத்திருப்பு மின்னும் சேர்ந்து 25 மில்லி அம்பியர் மட்டுமே எடுத்தாலும், ஒரு நாளுக்கு 0.6 அம்பியர்மணி (ஒரு அம்பியர் மின்னோட்டம் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு அம்பியர்மணி), நூறு நாளில் 60 அம்பியர்மணி. அதாவது 100 அம்பியர்மணிப் பற்றரியின் பாதிக்கு மேல். மிதவை ஆளியால் தானே இயங்கும் நீரிறைக்கும் பம்பி இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 3 அம்பியர் இழுக்கும் பம்பி மழைநீரை வெளியேற்ற நாளுக்கு இருபது நிமிடம் ஓடினாலே ஒரு அம்பியர்மணி தீர்ந்துவிடும். மாமாவின் முதற்பற்றரியை அழித்தது இந்தப் பம்பிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மின் தீர்வது மட்டுமானால் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். உண்மையான சேதம் அதற்குப் பின்னர் நிகழ்கிறது. புதிதாகப் படிந்த ஈயசல்பேற்று மிக நுண்ணிய பளிங்குகளாக இருக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு பெரியது, ஆதலால் மின்னேற்றும்போது எளிதில் கரையும். அப்படியே வாரக்கணக்கில் விட்டால், சிறு பளிங்குகள் கரைந்து பெரியவற்றின் மேல் படிகின்றன. சிறியவை மறைய, பெரியவை வளர்கின்றன. சீனிப் போத்தலில் ஈரம் பட்டுக் காய்ந்து கட்டியாவதை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். வெப்பநிலை ஏறி இறங்குவது இவ்வளர்ச்சிக்குத் துணைபோகிறது. பருத்த பளிங்குகள் தகட்டின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கின்றன. அவை மின்னைக் கடத்துவதில்லை, விரைவில் கரைவதுமில்லை. இப்படிச் சல்பேற்றுப் பிடித்த பற்றரியின் குணம் ஏமாற்றக்கூடியது. சார்ஜரை இணைத்தவுடன் வோல்ற்றளவு விரைவாக ஏறி, "நிறைந்துவிட்டது" என்ற விளக்கும் எரிந்துவிடும். ஆனால் எஞ்சினைத் திருப்பியதும் அந்த வோல்ற்றளவு சரிந்து விழும். கலம் நிறையவில்லை, உள்ளே போகவே மின்னுக்கு வழி கிடைக்கவில்லை. கரையில் கிடந்த காலத்தைவிட, மின் குறைந்த நிலையில் கிடந்த காலமே பற்றரியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதைப் படகுக்காரர் யாவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆகவே படகை இறக்கும் காலத்தில் முதல் வேலை மின்னேற்றுவது அன்று, அளப்பது. மறைமுனையை முதலில் கழற்றி, பிறகு நேர்முனையைக் கழற்றி, மேல்மூடியைத் துடைத்துவிட்டு வோல்ற்றளவைப் பார்க்க வேண்டும். பொதுவான அட்டவணைப்படி 12.6 அல்லது 12.7 முழுமை, 12.2 ஏறத்தாழப் பாதி, 12க்குக் கீழே ஏறக்குறைய வெறுமை. ஆனால் இதில் நம் நாட்டுக்கு ஒரு திருத்தம் தேவைப்படலாம். வெப்பநாடுகளுக்கான சில பற்றரிகளில், தகடுகள் நீடித்து உழைக்கட்டும் என்று 1.265க்குப் பதிலாக 1.240 அளவு சாரடர்த்தியுள்ள (நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) அமிலத்தை நிரப்புகிறார்கள். சாரடர்த்தியோடு 0.84ஐக் கூட்டினால் ஒரு கலத்தின் ஓய்வுநிலை வோல்ற்றளவு ஏறத்தாழக் கிடைக்கும். அதன்படி இத்தகைய பற்றரி முழுமையாக ஏறியிருந்தாலும் 12.5ஐத் தாண்டாது. அட்டவணையை மட்டும் நம்பி அதைப் பழுதென்று ஒதுக்கிவிடக் கூடாது.

10.5 வோல்ற்றுக்கு அருகில் காட்டி, மின்னேற்றிய பின்னும் அங்கேயே நிற்குமானால், ஆறில் ஒரு கலம் உள்ளே குறுக்குச்சுற்றாகிவிட்டது என்று பொருள், அதற்கு மருந்தில்லை. மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின், மின்னேற்றிய பின் நீர்மானியால் ஒவ்வொரு கலத்தின் சாரடர்த்தியையும் பார்ப்பது வோல்ற்றுமானியைவிட நம்பகமானது. ஐந்து கலங்கள் ஒத்திருக்க, ஒன்று மட்டும் 0.050க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தக் கலமே நோயாளி.

திரவம் தகடுகளுக்குக் கீழே இறங்கியிருந்தால், தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் வடித்த நீரை ஊற்றி, மீதியை மின்னேற்றி முடிந்த பின்னரே நிரப்ப வேண்டும். முன்பே நிரப்பினால் விரிவடைந்து வழியும். அமிலம் ஊற்றவே கூடாது, ஏனெனில் ஆவியாகிப் போனது நீர்தான். குறைந்ததுபோலத் தோன்றும் அமிலம் சல்பேற்றாகத் தகட்டிலேயே இருக்கிறது. மின்னேற்றம் மெதுவாக இருக்கட்டும்: 100 அம்பியர்மணிப் பற்றரிக்கு 5 அம்பியர் அளவு போதும், ஒரு முழு நாளோ அதற்கு மேலோ. அவசரமாகப் பெரிய மின்னோட்டம் செலுத்தினால் பருத்த சல்பேற்று கரைவதற்குள் கலம் சூடாகி, நீர்தான் பிரியும். இறுதிக்கட்டத்தில் வரும் குமிழிகளுக்கு ஒரு பயனும் உண்டு. கடலில் ஆடும் படகு அமிலத்தைத் தானே கலக்கிவிடும். கரையில் அசையாமல் மின்னேற்றும்போது அடர்ந்த அமிலம் அடியில் தங்கிவிடும், குமிழிகளே அதை மேலே கிளறுகின்றன. ஆனால் அந்தக் குமிழிகள் ஐதரசனும் ஒட்சிசனும் ஆகும். காற்றில் 4 சதவீதம் ஐதரசன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் என்பதால், மூடிய அறைக்குள் மின்னேற்றுவதையும் அருகில் சிகரெட் பற்றவைப்பதையும் தவிர்க்கும்படி மிக வற்புறுத்திச் சொல்கிறேன். திறந்த கலத்துக்குள் கடல்நீர் விழுந்தால் நச்சான குளோரின் வாயு உண்டாகும் என்பதையும் மறக்கலாகாது.

பிடித்துப்போன சல்பேற்றைக் கரைக்க 15.5 வோல்ற் வரை உயர்த்திச் சில மணிநேரம் மின்னேற்றும் முறை, திறந்து நீர் ஊற்றக்கூடிய வகைக்கு மட்டும், அதுவும் உற்பத்தியாளரின் குறிப்பு அனுமதித்தால் மட்டும் உரியது. ஏ.ஜி.எம்., ஜெல் ஆகிய மூடிய வகைகளில் இழந்த நீரைத் திரும்ப ஊற்ற வழியில்லாததால், இம்முறை அவற்றைக் கொன்றுவிடும்.

மின்னேற்றி, ஓரிரவு ஓயவிட்டு, மீண்டும் அளந்து, பின்னர் சுமை கொடுத்துப் பார்ப்பதே இறுதித் தீர்ப்பு. எஞ்சின் திரும்பும் அந்தச் சில விநாடிகளில் 10 வோல்ற்றுக்கு அருகில் தாக்குப்பிடித்தால் கடலுக்குக் கொண்டுபோகலாம். 9க்கும் கீழே சரிந்தால் கரையிலேயே விட்டுவிடுவது நல்லது. கழித்த பற்றரியின் அமிலத்தை மணலில் ஊற்றாமல், அப்படியே பற்றரிக் கடையில் கொடுத்தால் ஈயத்துக்காக விலைக்கும் எடுத்துக்கொள்வார்கள்.

மாமாவின் இரண்டாவது பற்றரியை நாங்கள் அளந்தபோது ஒரு கலம் 1.120இல் நின்றது, அதைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்றாவதை அவர் கடந்த மே மாதத்தில் படகிலிருந்து கழற்றி, வீட்டு விறாந்தையில் நிழலான மூலையில் வைத்தார். மாதம் ஒருமுறை மின்னேற்ற நாள் மறந்துபோகாமலிருக்க, விடுமுறையாக வரும் பூரணை நாட்களையே குறித்துக்கொண்டார். வெசாக், பொசன், எசல, நிக்கினி, பினர என ஐந்து பூரணைகளிலும் மாலையில் சார்ஜரை இணைத்து, மறுநாள் காலையில் கழற்றினார். ஒக்டோபர் முதல் வாரத்தில் படகில் பூட்டும்முன் நீர்மானியை வைத்தபோது ஆறு கலங்களும் 1.235க்கும் 1.240க்கும் இடையே நின்றன.