டச்பேடை மாற்றுவதற்கு முன் கெர்னல் லாகைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து என்னிடம் சர்வீஸுக்கு வரும் லேப்டாப்களில் லினக்ஸ் அதிகம். கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடமே அதில்தான். ஆசிரியர்கள் வீட்டிலும் அதையே போட்டுக்கொள்கிறார்கள். "டச்பேட் போச்சு, புதுசு போடணும்னு சொல்லிட்டாங்க" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது: "விண்டோஸ்ல ஓடுதா டீச்சர்?" ஓடினால் பேட் மேல் பழி போடாதீர்கள்.

யூஎஸ்பி மவுஸ் செருகியதும் தான் யார் என்று தானே சொல்லிவிடும். ஐ2சி (போர்டில் சிப்புகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பு) வழியாக வேலை செய்யும் டச்பேடுக்கு அந்த வசதி இல்லை. அது எந்த முகவரியில் இருக்கிறது, எந்த பின் வழியாக இன்டரப்ட் ('என்னைக் கவனி' என்ற சிக்னல்) தரும் என்பதை பயாஸ்தான் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) ஏசிபிஐ எனும் வன்பொருள் விவர அட்டவணையில் எழுதி வைக்க வேண்டும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து 1996இல் கொண்டுவந்த முறை இது. தயாரிப்பாளர் வைத்த அடையாளம் டிரைவருக்கு (கருவியை இயக்கும் மென்பொருள்) தெரியாவிட்டாலும், 'பிஎன்பி0சி50' என்ற பொது அடையாளம் கூடவே இருந்தால் போதும், டிரைவர் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தக் கருவியே இல்லை என்று பயாஸ் சொல்லிவிட்டால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தேடிக்கூடப் பார்க்காது. (பல பயாஸ்கள் விண்டோஸை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. அதனால் 'நீ விண்டோஸா?' என்று பயாஸ் கேட்டால் லினக்ஸ் கூசாமல் 'ஆமாம்' என்கிறது!)

தகராறு அதிகம் வருவது ரீசெட்டில். டிரைவர் ரீசெட் கட்டளை அனுப்பியதும், பேட் இன்டரப்ட் கொடுத்து, இரண்டு பைட் சுழியத்தைப் பதிலாகத் தர வேண்டும். அட்டவணையில் இன்டரப்ட் பின் தப்பாக எழுதியிருந்தால் பேட் பதில் சொல்லியும் கெர்னலின் காதில் விழாது. முன்வாசலில் ஆள் பெல் அடிக்க, நாம் கொல்லைப்புறத்தில் காத்திருக்கிற கதைதான். பழைய கெர்னல்கள் 5 விநாடி பார்த்துவிட்டு, 'ஃபெயில்டு டு ரீசெட் டிவைஸ்' என்று லாகில் (தன் பதிவேட்டில்) எழுதிக் கைவிட்டுவிடும். புதியவை ஓர் எச்சரிக்கையோடு மேலே போய்விடுகின்றன. ஆகவே கெர்னலைப் புதுப்பித்தாலே சில பேடுகள் உயிர்பெறும்.

பயாஸுக்கும் அப்டேட் இருக்கிறதா பாருங்கள்; சார்ஜர் செருகாமல் அதைத் தொடாதீர்கள். விண்டோஸும் சேர்ந்திருக்கும் மெஷினில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் முழு ஷட்டவுன் ஆகாது, கருவிகள் பாதி நிலையில் நிற்கலாம்.

விண்டோஸிலும் ஓடவில்லையா? ரிப்பன் கேபிளைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். அப்போதும் அசைவில்லை என்றால் பேடை மாற்றலாம்.